தண்டனை முடிந்து வெளியே வருபவருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பாரா, அவரை நம்பலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்கிறேன். உங்கள் தம்பி நான்கு ஆண்டுத் தண்டனையை முடித்து அடுத்த மாதம் மத்திய சிறையிலிருந்து வெளியே வர இருக்கிறார். வேறொரு மாவட்டத்தில் அவர்மீது இன்னொரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. முதல் வழக்கிலேயே நகையும் நிலமும் போய்விட்டதால் வக்கீலுக்குக் கொடுக்க இனி எதுவும் இல்லை. இலவச சட்ட உதவி கிடைக்கும் என்கிறார்கள், எங்கே போய்க் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் வேறொன்றையும் கேட்டிருக்கிறீர்கள்: காசு வாங்காதவர் உண்மையிலேயே வேலை செய்வாரா? இடத்தைவிட இந்த ஐயமே உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தோன்றுவதால், இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருபவன். அதில் ஒரு பகுதியை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்தும், சிறைக்குள் இயங்கும் சட்ட உதவி மையத்தில் அமர்ந்தும் செய்திருக்கிறேன். உங்கள் தம்பியின் வழக்குக் கட்டை நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த வழக்கு நிற்குமா விழுமா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

ஐயத்துக்கு இடமில்லாத செய்தியிலிருந்து தொடங்குகிறேன். இலவச சட்ட உதவி தம்பியின் உரிமை. அதை யாரிடமும் இரந்து பெற வேண்டியதில்லை. வறுமையால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது என்று கூறும் 39ஏ பிரிவு, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்தது. தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகளாகவே பீகார் சிறைகளில் கிடந்தவர்களுக்காகத் தொடரப்பட்ட ஹுசைனாரா காத்தூன் வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம் இலவச சட்ட உதவியை 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாகவே அறிவித்தது. 1986-இல் சுக் தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்றது: வழக்கறிஞர் வேண்டும் என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை, கேட்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது, ஆனாலும், கேட்காததைக் காரணம் காட்டி உரிமையை மறுக்க முடியாது, அதை எடுத்துச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை என்று கூறி, அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையையே ரத்து செய்தது. இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்தும் சட்டம் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். அது 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுதான் உங்களுக்கு முக்கியம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், மனித வணிகத்துக்கோ கொத்தடிமை முறைக்கோ ஆளானவர்கள், பேரழிவிலும் சாதி வன்கொடுமையிலும் பாதிக்கப்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்பது கேள்வியே இல்லை. இவர்களில் எவரும் அல்லாதவர், மாநில அரசு வகுத்துள்ள ஆண்டு வருமான வரம்புக்குள் இருந்தால் போதும். அதற்கும் அவரே உறுதிமொழி ஆவணம் ஒன்றைக் கொடுத்தால், அதை நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தாலொழிய ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது 13-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு இந்த வரம்பு 5 லட்சம் ரூபாய்.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. உங்கள் கேள்வியைப் படித்தவுடன் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததும் இதற்காகத்தான். சிறைக்குள் இருக்கும்வரை உங்கள் தம்பி 'காவலில் இருப்பவர்' என்ற ஒரே தகுதியால், எந்த வருமானச் சான்றும் இல்லாமல், இலவச வழக்கறிஞருக்கு உரியவர். சிறைக் கதவைத் தாண்டிய நொடியில் அந்தத் தகுதி போய்விடும். அதன்பின் வருமானத்தின் அடிப்படையிலோ, 12-ஆவது பிரிவில் சொன்ன வேறொரு தகுதியின் அடிப்படையிலோதான் கேட்க முடியும். அவருக்கு அப்போதும் கிடைக்கும் என்றே எண்ணுகிறேன். ஆனால் கையில் ஆதார் இல்லை, குடும்ப அட்டையில் பெயர் இல்லை, தங்க இடம் உறுதியில்லை என்ற நிலையில் வெளியே வருபவர் உறுதிமொழி ஆவணம் தயாரித்து, வேறு மாவட்டத்துக்குப் பயணம் செய்து, அலுவலகத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு வாய்தா தவறிவிடும். தவறினால் பிணையில் வெளிவர முடியாத பிடியாணை. ஆகவே விடுதலை நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அடுத்த முறை மனு கொடுத்து அவரைச் சிறையில் பார்க்கச் செல்லும்போதே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

எப்படித் தொடங்குவது? மத்திய சிறைகளில் சட்ட உதவி மையம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வருவார், சட்டம் சார்ந்த தன்னார்வலர்கள் என்ற பெயரில் பயிற்சி பெற்ற சிறைவாசிகளே உதவவும் செய்வார்கள். நிலுவையில் உள்ள வழக்குக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று தம்பி ஒரு வெள்ளைத்தாளில் எழுதிச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கொடுக்கலாம். அதே நேரத்தில் நீங்கள் வெளியிலிருந்து, அந்த வழக்கு நடக்கும் மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு கொடுங்கள். அந்த அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும். மாவட்ட முதன்மை நீதிபதி அதன் தலைவர், நீதித்துறை அதிகாரி ஒருவர் அதன் செயலாளர். வழக்கு தாலுகா நீதிமன்றத்தில் இருந்தால், அங்கே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். நேரில் போக முடியாவிட்டால் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம், அதன் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். எங்கே கொடுத்தாலும் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நீதிமன்ற வாசலில் 'நான் உள்ளே சொல்லி ஏற்பாடு செய்கிறேன்' என்று யாராவது வந்தால் நிற்காமல் நடந்து செல்லுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லாத இடத்தில் இடைத்தரகருக்கு வேலை இல்லை.

இலவசம் என்பது வழக்கறிஞர் கட்டணத்தோடு முடிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, மனுக்கள் தயாரித்தல், தீர்ப்புகளின் சான்றிட்ட நகல், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பு ஆகியவையும் அதற்குள் அடங்கும். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடமிருந்து எந்தத் தொகையும் பெறக் கூடாது. தட்டச்சுச் செலவு, குமாஸ்தாவுக்கு டீ செலவு என்று எந்தப் பெயரிலும் கூடாது. கேட்டால், கோபப்படாமல், செயலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இனி அந்த ஐயத்துக்கு வருகிறேன். இலவச வழக்கறிஞர்கள் எல்லோரும் நன்றாக வேலை செய்வார்கள் என்று நான் சொன்னால் அது பொய். பட்டியலில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் குறைவு, அவர்களுக்குச் சொந்தத் தொழிலும் உண்டு. இரண்டுக்கும் நடுவே சில வழக்குகள் கவனிப்பாரற்றுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். எல்லோரும் அலட்சியமானவர்கள் என்பதும் அதே அளவுக்குப் பொய். பெருந்தொகை வாங்கியவர் கைவிட்ட மேல்முறையீட்டை, இலவசமாக நியமிக்கப்பட்ட இளம் வழக்கறிஞர் ஒருவர் இரவெல்லாம் படித்து வாதாடி வென்றதையும் பார்த்திருக்கிறேன். 2022-இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பு இந்த நிலையை ஓரளவு மாற்றியிருக்கிறது. அது நடைமுறையில் உள்ள மாவட்டங்களில் தலைமை, துணை, உதவி என்ற நிலைகளில் முழுநேர வழக்கறிஞர்கள் மாத ஊதியத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் தனியார் வழக்குகளை எடுக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பில் வாதாடுவது மட்டுமே அவர்கள் வேலை. உங்கள் தம்பியின் வழக்கு அப்படிப்பட்ட மாவட்டத்தில் இருந்தால், உங்களுக்குக் கிடைப்பவர் நாள்தோறும் அதே நீதிமன்றத்தில் நிற்பவராக இருப்பார். அது சிறிய நன்மையல்ல. சொத்துப் பாகம், பராமரிப்புத் தொகை போன்ற உரிமையியல் வழக்குகளுக்கு மட்டும் இப்போதும் பட்டியல் வழக்கறிஞர்களே.

வழக்கறிஞர் எப்படிப்பட்டவராக அமைவார் என்பது உங்கள் கையில் இல்லை. அவர் வேலையை எளிதாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. கைது செய்த நாள், காவல் நிலையம், குற்ற எண், எத்தனை நாள் காவலில் இருந்தார், பிணை கிடைத்ததா, யார் ஜாமீன் நின்றார், கடைசி வாய்தா எப்போது என்பதை ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதிக் கொடுங்கள். நூறு பக்கக் கட்டோடு வரும் குடும்பத்தைவிட இந்த ஒரு பக்கத்தோடு வரும் குடும்பத்துக்கு என்னால் விரைவாக உதவ முடிந்திருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாராவது ஒருவர் நீதிமன்றத்தில் இருங்கள். வழக்கறிஞர் தொடர்ந்து வரவில்லை என்றால், இன்ன தேதிகளில் வரவில்லை என்று குறிப்பிட்டு வேறொருவரை நியமிக்கக் கோரிச் செயலாளருக்கு மனு கொடுங்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நியமிக்கப்பட்ட வழக்குகளின் போக்கைக் கண்காணிக்க ஒரு குழுவே இருக்க வேண்டும். பொதுவாக 'சரியில்லை' என்று எழுதும் மனு கிடப்பில் போகும். தேதியோடு எழுதிய மனுவுக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

நிலுவையில் உள்ள வழக்கில் உடனே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அந்த வழக்கில் அவருக்குப் பிணை இருக்கிறதா, சிறையில் இருக்கும்போதே பி.டி. வாரண்ட் மூலம், அதாவது சிறையில் இருப்பவரை வேறொரு வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆணை மூலம், அதிலும் கைது காட்டப்பட்டிருக்கிறாரா, அல்லது ஆஜராகாததால் பிடியாணை நிலுவையில் இருக்கிறதா? பிணை இருந்தால் சிக்கல் இல்லை. கைது காட்டப்பட்டுப் பிணை வாங்கப்படாமல் இருந்தால், தண்டனை முடிந்த நாளிலும் அவரை வெளியே விட மாட்டார்கள். குடும்பம் மாலையோடு வாசலில் காத்திருக்கும், அவர் விசாரணைக் கைதியாக உள்ளேயே இருப்பார். பிடியாணை இருந்தால், வாசலிலேயே காவலர்கள் நிற்கக்கூடும். சிறை அலுவலகத்தில் அவர்மீதுள்ள எல்லா வாரண்டுகளின் விவரமும் இருக்கும். தம்பியை அங்கே கேட்கச் சொல்லுங்கள், சிறை நல அலுவலரிடம் நீங்களும் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணையோ பெயரையோ கொண்டு தேடினால் அடுத்த வாய்தா தேதி கிடைக்கும்.

பிணை வாங்க வேண்டியிருந்தால் நீங்கள் அஞ்சப்போவது ஜாமீன்தாரரைப் பற்றித்தான். சிறை மையத்தில் நான் அமர்ந்திருந்த நாட்களில் ஒருவர் வந்தார். பிணை உத்தரவு கிடைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது, சொத்துள்ள இரண்டு பேர் கிடைக்காததால் உள்ளேயே இருந்தார். தனக்குப் பிணை கிடைத்திருப்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. பிணை உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாட்களுக்குள் விடுதலையாகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். ஜாமீன்தாரர் உள்ளூர்க்காரராகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடாது என்று அது கூறியது. இது புதிய சிந்தனையும் அல்ல. 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் ஜாமீனாக ஏற்க மறுத்ததை நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்து, 10,000 ரூபாய் பிணையை 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையாகக் குறைத்தார். உங்கள் வழக்கறிஞரிடம் இவ்விரண்டையும் நினைவூட்டுங்கள். அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் உறவினர் யாரோ 'மூன்றில் ஒரு பங்கு முடிந்தால் விட்டுவிடுவார்கள்' என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது, விசாரணைக் காவலில் நீண்ட நாள் இருந்தவரைப் பிணையில் விடச் சொல்லும் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு. ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்பது இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவருக்கு மட்டுமே. உங்கள் தம்பிக்கு அது பொருந்தாது. மற்றவர்களுக்கு, அந்தக் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சச் சிறைத்தண்டனையில் பாதி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இந்தப் பிரிவு உதவாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் உதவாது. தம்பியின் முதல் வழக்கு முடிந்துவிட்டதால் இப்போது நிலுவையில் இருப்பது ஒன்றுதான் என்று வாதிட இடமிருக்கிறது. நீதிபதி அதை ஏற்பாரா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தப் பிரிவை நம்பாமல் வழக்கமான பிணை மனுவே போடுவது நல்லது என்பது என் கருத்து.

தண்டனையோடு அபராதமும் விதிக்கப்பட்டிருந்து அதைக் கட்ட முடியாததால் கூடுதல் சிறை அனுபவிக்க வேண்டியிருந்தால், அதற்கும் ஒரு வழி உண்டு. ஏழைச் சிறைவாசிகளுக்கான ஒன்றிய அரசின் திட்டம், 2023-இல் வகுக்கப்பட்டபோது, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையிலும், விசாரணைக் கைதியின் பிணைத்தொகைக்கு 40,000 ரூபாய் வரையிலும் உதவ இடமளித்தது. மாவட்ட அளவிலான குழு பரிந்துரைத்தால்தான் பணம் கிடைக்கும். ஊழல் தடுப்பு, போதைப்பொருள், பணமோசடித் தடுப்பு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு ஆகிய சட்டங்களின் கீழ் வந்த வழக்குகளுக்குக் கிடைக்காது. கேட்டவுடன் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், ஆனால் கேட்காமலும் இருந்துவிடாதீர்கள்.

விடுதலையாகும் நாளில் தீர்ப்பின் நகல், விடுதலைச் சான்று, காவலில் இருந்த நாட்களின் கணக்கு, உள்ளே செல்லும்போது ஒப்படைத்த பொருட்கள், சிறையில் வேலை செய்ததற்கான கூலி ஆகிய அனைத்தையும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காவலில் இருந்த நாட்களின் கணக்கு மிகவும் தேவை. நிலுவையில் உள்ள வழக்கில் நாளை தண்டனை வந்தால், அந்த வழக்குக்காகவே காவலில் இருந்த நாட்களைக் கழிக்கச் சொல்வதற்கு அதுதான் ஆதாரம்.

வெளியே வந்தபின் எழும் சிக்கல்களில் சிலவற்றுக்கு மட்டுமே சட்டத்தில் நேரான விடை இருக்கிறது. வாக்குரிமை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. சிறையில் அடைபட்டிருக்கும்போதுதான் வாக்களிக்க முடியாது, வெளியே வந்தவர் பட்டியலில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். கடவுச்சீட்டைப் பொறுத்தவரை, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக 2 ஆண்டுகளுக்குக் குறையாத தண்டனை பெற்றவருக்கு, தண்டிக்கப்பட்டு 5 ஆண்டுகளுக்குள் மறுக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தண்டனையின் பதிவையே அழித்துவிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வயது வந்தோருக்கு அப்படியொரு பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த சிறார்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்படி சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் தகுதியிழப்பு வராது. உங்கள் தம்பி இவ்விரு வகையிலும் இல்லை. அதனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்டால் மறைக்க வேண்டாம். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் கூறியபடி, உண்மையைச் சொன்னவரின் வழக்கின் தன்மையை வேலை தருபவர் எடைபோட இடமுண்டு. மறைத்தவருக்கு அந்த மறைப்பே தனிக் காரணமாகிவிடும்.

காவல் நிலையத் தொல்லைதான் எனக்குக் கவலை தருவது. எங்கோ திருட்டு நடந்தால் முதலில் இவரைக் கூப்பிடுவார்கள். நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதித் தரச் சொல்லி, மக்கள் இன்றும் '110 கேஸ்' என்று அழைக்கும் நடவடிக்கையைத் தொடங்குவார்கள். இந்த நடவடிக்கையை விசாரிப்பவர் நிர்வாகத் துறை நடுவராக இருந்தாலும், சட்டப் பணிகள் சட்டத்தில் 'நீதிமன்றம்' என்ற சொல் நீதிமுறை சார்ந்த அதிகாரம் செலுத்தும் எந்த அமைப்பையும் உள்ளடக்குகிறது. ஆகவே அங்கேயும் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். விசாரணைக்கு அழைத்தால் எழுத்து மூலமான அழைப்பாணை கேட்கச் சொல்லுங்கள். ரவுடிப் பட்டியலில் பெயர் தொடர்ந்தால் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்து, பயனில்லை என்றால் உயர் நீதிமன்றம் செல்லலாம். அங்கே தனியாக ஒரு சட்டப் பணிகள் குழு இருக்கிறது. இதில் நிவாரணம் கிடைப்பது வழக்குக்கு வழக்கு மாறும்.

நிலுவை வழக்கு சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றமாக இருந்தால் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா என்று யாராவது கேட்பார்கள். விரைவாக முடியும் என்பது உண்மை. ஆனால் அங்கே ஏற்படும் தீர்வு இறுதியானது, அதன்மீது மேல்முறையீடு கிடையாது. ஆகவே எழுதியிருப்பதை முழுமையாகப் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பின்பே தம்பி கையெழுத்திடட்டும்.

முதல் வழக்கில் மேல்முறையீடு செய்யவே இல்லை என்றால், காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள் என்ற கெடு உண்டுதான். ஆனால் வறுமையையும் வழக்கறிஞர் இல்லாமையையும் காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். தண்டனையை அனுபவித்து முடித்தவரும், தன் மீதுள்ள குற்றவாளி என்ற பெயரை நீக்கக் கோரி மேல்முறையீடு நடத்தலாம். நான்கு ஆண்டுத் தாமதத்தை ஒரு நீதிபதி மன்னிப்பார், இன்னொருவர் மன்னிக்க மாட்டார். கேட்டுப் பார்க்கத் தகுந்ததா என்பதைத் தீர்ப்பைப் படித்தவர்தான் சொல்ல முடியும். சிறை மையத்தில் வழக்கறிஞரைப் பார்க்கும் நாளில் தம்பி அந்தத் தீர்ப்பையும் உடன் எடுத்துச் செல்லட்டும். நகல் இல்லை என்றால், சிறை வழியாகவே நீதிமன்றத்துக்கு எழுதிப் பெறலாம். அதற்கும் கட்டணம் இல்லை.